தும்பி சொன்ன மழையும் பலூன் சொன்ன மழையும்

கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டிக் குளத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு விஷயம் புரிந்துவிடும். இந்தப் பக்கம் பூமி கறுப்பு, வானம்தான் முதலாளி!

மானாவாரிக் கரிசல். புரட்டாசியில் வெறும் புழுதியில் உளுந்தையும் கம்பையும் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். மழை பிந்தினால் விதையை எறும்பும் குருவியும் பங்கு போட்டுக்கொள்ளும். கொட்டித் தீர்த்தால் அழுகிப் போகும்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் அகப்பட்டார்.

"மழை வருமா அண்ணாச்சி?"

"தும்பி தாழப் பறக்கு தம்பி. எறும்பு முட்டையத் தூக்கிட்டு ஓடுது. ரேடியோக்காரன் என்ன சொல்லுதான்னு இனிமேத்தான் கேக்கணும். ஆமா, அவனுக்கு யாரு சொல்லுதா? அவனும் தும்பி வளக்கானோ?"

தும்பி இல்லை, பலூன்! ஹைட்ரஜன் அடைத்த பெரிய ரப்பர் பலூன். அதன் அடியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டி தொங்கும். பெயர் ரேடியோசோண்ட். போகிற வழியெல்லாம் காற்றின் சூடு, ஈரப்பதம் எல்லாவற்றையும் அளந்து, நொடிக்கு நொடி கீழே சேதி அனுப்பும். பலூன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அதை வைத்துக் காற்றின் வேகமும் திசையும் தெரிந்துவிடும்.

ரேடியோ வருவதற்கு முன்னால் பெரிய ரோதனை. கருவி தானே குறித்துக்கொள்ளும். ஆனால் அது எந்த ஊர்க் காட்டில் விழுந்ததென்று தேடி எடுத்தால்தான் கணக்கு! சோவியத் விஞ்ஞானி மொல்சானோவ் 1930 ஜனவரி 30-ல் ரேடியோ வைத்த பெட்டியைப் பறக்கவிட்டார். அப்புறம் தேடுகிற வேலை மிச்சம்.

இதன் டிரான்ஸ்மிட்டருக்கு டார்ச் பல்ப் எரிகிற சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆனாலும் இருநூறு கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும். காரணம், மேலே மறிக்க வீடில்லை, மரமில்லை. (நமக்கோ கொல்லைப்புறம் போனாலே செல்போன் 'ஹலோ... ஹலோ'தான்!) பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரி வரை போகும். அதையும் தாங்கி, முப்பது கிலோமீட்டர் போல ஏறி, பலூன் உப்பி வெடிக்கும். அப்புறம் பாரசூட்டில் இறக்கம்.

பெரியவர் விடவில்லை. "நம்ம பக்கம் எங்க பறக்கு?"

திருவனந்தபுரம், காரைக்கால், மீனம்பாக்கம் என்றேன். கிட்டத்தில் உள்ள திருவனந்தபுரமே நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர்.

"இடையில மலைல்லா நிக்கி!"

சரியான கேள்வி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மழை, இந்தப் பக்கம் வேறு மழை. 2023 டிசம்பர் 17, 18-ல் இங்கிருந்து தெற்கே, இதே கடலோரக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கனமழை எச்சரிக்கை இருந்தது; 95 என்று அதில் இல்லை.

சாட்டிலைட் மேலிருந்து எட்டிப் பார்க்கும். ரேடார் மேகத்தைத் துழாவும். காற்றுக்குள்ளேயே நுழைந்து தொட்டுப் பார்த்துச் சொல்வது இந்தப் பெட்டிதான். பக்கத்துக் காற்றைத் தொட்டால் கணிப்பு கொஞ்சமாவது நெருங்கி வரும். தினம் இரண்டு வேளை கரிசலிலிருந்தும் ஒரு பலூன் ஏறட்டுமே! ராக்கெட் விட குலசேகரன்பட்டினத்தில் தளம் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய காரியமா என்ன?

என்றைக்காவது உங்கள் புஞ்சையில் பாரசூட்டோடு வெள்ளைப் பெட்டி விழுந்து கிடந்தால் அலற வேண்டாம். உங்கள் மழையைத் தேடிப் போய்விட்டு வந்திருக்கிறது, பாவம்!