முதலில் தோற்று, பிறகு ஜெயித்த கோச்

பாகூர், வில்லியனூர் பக்கம் ஃபுட்பால் பேச்சு எடுத்தால் பிரான்ஸ் பேர் வராமல் இருக்காது. 1998-ல் கேப்டனாக உலகக் கோப்பை தூக்கிய டெஷாம்ப், 2018-ல் கோச்சாகவும் தூக்கினார் என்பது இங்கே பல பேருக்கு அத்துப்படி. ஆனால் ஆட்டக்காரராக இருந்து கோச் ஆகி, ஒரு நாட்டுக்கே முதல் சுசுகி கோப்பை வாங்கிக் கொடுத்த தமிழர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். "யாருப்பா அது?" என்பார்கள்.

கே. ராஜகோபால். மலேசியாக்காரர், 1956-ல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஆடினார். அதைவிட அவர் கோச் ஆன கதைதான் சுவாரசியம்.

அவர் கைக்கு வந்த அணி சுமாரான அணி என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. 2007 ஆசியக் கோப்பையில் சொந்த மண்ணிலேயே சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. 2009-ல் சத்தியநாதன் போய் ராஜகோபால் வந்தார்.

அந்த டிசம்பரில் லாவோஸில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. 23 வயசுக்கு உட்பட்ட பையன்களோடு போனார். லீக் சுற்றில் வியட்நாமிடம் 1-3 உதை. ஃபைனலில் மறுபடி அதே வியட்நாம்! கடைசி நேரத்தில் அவர்களே போட்டுக்கொண்ட சேம் சைடு கோலில் மலேசியா 1-0. இருபது வருஷம் கழித்துத் தங்கம். அதிர்ஷ்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அடுத்த வருஷம் சுசுகி கோப்பை. தங்கம் வாங்கிய பையன்களில் பலர் அதே அணியில். 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா, முதல் மேட்ச்: இந்தோனேசியா 5, மலேசியா 1. வேறு யாராவது என்றால் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். தாய்லாந்தோடு 0-0, லாவோஸை 5-1, அரையிறுதியில் நடப்பு சாம்பியன் வியட்நாமை 2-0, பிறகு ஹனோயில் 0-0. ஃபைனலில் எதிரே யார்? இந்தோனேசியாவேதான்.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் மைதானம். கூட்டத்திலிருந்து லேசர் அடித்ததால் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் வெளியே போய்விட்டார்கள். ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. அதைச் சொல்லி அவர்கள் இன்றைக்குத் திட்டினாலும் நியாயம்தான். திரும்ப ஆரம்பித்த பிறகு 61-வது நிமிஷத்துக்கும் 73-வது நிமிஷத்துக்கும் நடுவில் மூன்று கோல்: சஃபீ சாலி இரண்டு, அஷாரி ஒன்று. 29-ம் தேதி ஜகார்த்தாவில் லேசர் சாக்கு எடுபடவில்லை. கோல்கீப்பர் கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைப் பிடித்தார், சஃபீ இன்னொரு கோல் போட்டார். அந்த மேட்ச் 1-2 என்று போனாலும் மொத்தக் கணக்கு 4-2. காமர்ஸ்காரர்களுக்குச் சொல்வதானால், முதல் குவார்ட்டர் நஷ்டத்தைப் பார்த்துக் கம்பெனியை விற்காத மேனேஜர்!

டிசம்பர் 31-ஐ மலேசிய அரசு பொது விடுமுறை ஆக்கியது.

2012-ல் மறுபடி முதல் மேட்ச் தோல்வி, சிங்கப்பூரிடம் 0-3. இந்த முறை அரையிறுதியோடு சரி, தாய்லாந்து வெளியேற்றிவிட்டது. 2013-ஓடு தேசிய அணிப் பொறுப்பு முடிந்தது. அவருக்கு அப்புறம் 2014-லும் 2018-லும் மலேசியா ஃபைனல் வரை போனது. இரண்டிலும் தோல்வி.