மூன்று கிரெயின் மருந்து

நம் கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வேதியியல் துறைக்காரனாகிய என்னிடம் பிளாஸ்டிக்கைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ ஒரு கட்டுரையை எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத அமர்ந்ததோ துப்பாக்கி மருந்தைப் பற்றி. முதல்வர் அவர்கள் திகைக்க வேண்டாம். என் வாழ்நாளில் ஒரு தோட்டாவும் சுட்டவன் அல்லன் நான். மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தும், துப்பாக்கி சுடும் பயிற்சி நாளன்று காய்ச்சலில் படுத்துக் கிடந்தவன்.

2011-ஆம் ஆண்டு ஆய்வுப் பணிக்காக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு முதிய தம்பதியரின் வீட்டு மாடியறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. பெரியவர் இரும்புப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இளமையில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரிக்கு ஆண்டுதோறும் சென்று குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1907 முதல் அங்கே தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. ஐம்பது கஜத் தொலைவிலிருக்கும் காகித இலக்கை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். நம்மால் ஒரு செம்புத் தண்ணீரை அப்படி நீட்டிப் பிடித்து அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடியுமா என்று பாருங்கள், அருமை புரியும்.

கடைத் தோட்டாக்களை அவர் வாங்குவதில்லை. சுட்ட பிறகு எஞ்சும் பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டை அழுத்திச் செருகித் தாமே தயாரித்துக்கொள்வார். நம் நாட்டில் இதை நினைத்தபடி செய்துவிட முடியாது, உரிமம் இல்லாமல் தொட்டால் சிறைதான். அங்கே அது மீன் பிடிப்பதைப் போல ஒரு பொழுதுபோக்கு. என்னைப் போன்ற விசாக்காரன் தோட்டாவையோ துப்பாக்கியையோ வைத்திருக்க அந்நாட்டுச் சட்டமும் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவனாகவே இருந்தேன்.

வெடிமருந்து என்று நாம் சொல்வதே பிழை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அது வெடிப்பதன்று, எரிவது. திறந்த தட்டில் சிறிது கொட்டிப் பற்றவைத்தால் சீறி எரிந்து அடங்கிவிடும். அடைபட்ட கூட்டுக்குள் எரியும்போதுதான் வாயு பெருகிக் குண்டை உந்துகிறது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய கருமருந்து வேறு. 1884-இல் பிரான்சில் வியேல் என்பவர் நைட்ரோசெல்லுலோசைக் கொண்டு செய்த புகையற்ற மருந்தின் வழிவந்தவையே இன்றுள்ளவை. நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும் இந்தக் குடும்பந்தான். அங்கே வேலை பார்த்த என் தாய்மாமன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைக்கும் வழக்கமே இல்லாதவர். சிறு வயதில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லாம் எரியும் வேகத்தைப் பொறுத்தது. பனையோலை குப்பென்று எரிந்து தீரும், வேலமரக் கட்டை நின்று எரியும். நீண்ட குழலுடைய ரைபிளுக்கு வேலங்கட்டை தேவை. கையடங்கும் ரிவால்வருக்கோ பனையோலைதான் சரி. மெதுவான மருந்தைப் போட்டால் பாதி எரியுமுன்பே குண்டு குழலை விட்டுப் போய்விடும். துகளின் வடிவம், அதன்மேல் பூசியுள்ள பூச்சு ஆகியவற்றைக் கொண்டு இந்த வேகத்தை அமைக்கிறார்கள்.

பெரியவர் நாற்பது ஆண்டுகளாக நம்பியிருந்தது 'புல்ஸ் ஐ' என்னும் மருந்து. 1898 முதல் வழக்கில் உள்ளது. நைட்ரோகிளிசரின் கலந்தது, மிக வேகமானது. அவருடைய .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு ஒரு தோட்டாவுக்கு ஏறத்தாழ மூன்று கிரெயின் போதும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால், ஒரு டப்பாவில் இரண்டாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். கையேட்டில் அச்சிட்டுள்ள அளவுக்குக் கூடவோ குறையவோ போக மாட்டார். வேறு மருந்து டப்பா எதுவும் மேசைமேல் இருக்கவும் விட மாட்டார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கூடு கருமருந்துக் காலத்தில் பிறந்தது, இருபது கிரெயினுக்கு மேல் கொள்ள அமைக்கப்பட்டது. மூன்று கிரெயின் அதன் அடியில் கிணற்று நீர்போல் கிடக்கும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் கிணறு கிணறாகவே தோன்றும். ஆனால் சுடும்போது ரிவால்வரே பிளந்துவிடக்கூடும்.

ஒரு ஞாயிறு மாலை ஐம்பது கூடுகளை மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி மருந்து இட்டுக்கொண்டிருந்தார். இடையில் அம்மையார் அழைக்க, எழுந்து போய்த் திரும்பினார். வேலை முடிந்ததும் சிறு விளக்கால் ஒவ்வொன்றாக நோக்கி, "எல்லாம் சரி" என்றார். பின்னால் நின்ற எனக்கு நான்காம் வரிசையில் ஒன்று மட்டும் சற்று மேலே நிற்பதாகத் தோன்றியது. சொல்லலாமா, கூடாதா? நாற்பது ஆண்டு அனுபவசாலியிடம், துப்பாக்கியே பிடித்தறியாத நான்! கண்புரை அறுவைக்கு அவர் நாள் தள்ளிக்கொண்டிருப்பது வீட்டில் பேசக்கூடாத பேச்சு என்பதையும் அறிவேன். அவர் முதல் குண்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, நான்காம் வரிசையை மறுபடி பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பார்த்தார். அந்தக் கூட்டிலிருந்ததைத் தராசுத் தட்டில் கவிழ்த்தார். ஆறு கிரெயின். ஒன்றும் பேசாமல் ஐம்பதையும் டப்பாவில் கொட்டி மூடிவிட்டு விளக்கை அணைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோபமோ வெட்கமோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் வேறொரு டப்பாவுடன் வந்தார். 'டிரெயில் பாஸ்' என்று பெயர். நடுவில் துளையிட்ட சிறு வளையங்கள், நம் ஊர்த் தேன்குழலை நுணுக்கிப் போட்டதுபோல. எடை குறைவு, பருமன் மிகுதி. அளவு மருந்தே கூட்டில் பாதிக்கு வரும். இலக்கில் துளைகள் முன்போல் நெருங்கி விழவில்லை என்று முணுமுணுத்தார். பழைய மருந்தின் பெருமையை ஒரு மணி நேரம் பேசினார். ஆனால் பழைய டப்பாவை எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வெறுங்கூடு ஒன்றில் வேண்டுமென்றே இரண்டு முறை மருந்தைக் கொட்டினார். அது விளிம்புவரை வந்து நின்றது. கண்களை இறுக மூடிக்கொண்டு சுண்டுவிரலால் கூட்டின் வாயைத் தடவினார்.

"இது தெரிகிறது" என்றார்.