கல்லின் பெயரும் கத்தியின் கூரும்

சவரக்கத்தி தீட்டும் கல்லுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் இளைய தோழர்களுக்காக இதை எழுதுகிறோம். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகச் சாத்தாராவில் இருந்தபோது, காசு கொடுத்தாலும் அவருக்கு முடி வெட்ட யாரும் முன்வரவில்லை. அவருடைய அக்காதான் வெட்டிவிட்டார். இன்றும் சில ஊர்களில் சலூன் நாற்காலி நமக்கு இல்லை.

அதனால்தான் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு தோழர் கடை திறந்தார். வருகிறவர்களுக்கு அரை பிளேடுதான். ஆனால் பெரியவர்கள் சிலர் தங்கள் சொந்தச் சவரக்கத்தியைக் கொண்டுவருவார்கள். அதைத் தீட்ட நல்ல கல் வேண்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் திரட்டினோம். பழைய பொருள் விற்கும் ஒருவர் மஞ்சள் கல் ஒன்றைக் காட்டினார். பெல்ஜியத்துக் கோட்டிக்யூல், அசல் என்றார். சொன்ன விலையோ நாங்கள் திரட்டிய மொத்தப் பணத்துக்கும் மேல்.

கொடுக்கும் முன் படித்தோம். கோட்டிக்யூல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் வட்டாரத்தில் கிடைப்பது. கூர் ஏற்றுபவை அதிலுள்ள மிக நுண்ணிய கார்னெட் மணிகள். மஞ்சள் அடுக்கு மெல்லியது, எளிதில் உடையும். ஆகவே ஸ்லேட் கல்லில் ஒட்டி விற்பது வழக்கம். ஒட்டியிருப்பதாலேயே போலி ஆகிவிடாது.

தண்ணீர் விட்டுச் சிறு கல்லால் தேய்த்தால் பால் போன்ற குழம்பு வர வேண்டும். கத்தியை ஓட்ட ஓட்டக் குழம்பு கறுக்க வேண்டும். எஃகு அரைபடுகிறது என்று பொருள். நகத்தால் வருடும்போது வெடிப்போ கரட்டுக் கோடோ தட்டினால் அந்தக் கல் வேண்டாம். 'எட்டாயிரம் நம்பர்' என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆலைக் கல்லுக்குத்தான் நம்பர். இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒரு விதம். கடைசிச் சோதனை கன்னத்தில்தான்.

நனைத்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். அவர் சம்மதிக்கவில்லை. முத்திரையைப் பாருங்கள், போதும் என்றார். எழுந்து வந்துவிட்டோம். குறைந்த விலையில் ஆலைக் கல் வாங்கினோம். பெரியவர்களின் கத்தி இப்போது தாடியை நன்றாகவே எடுக்கிறது.

இந்தச் சந்தை முழுக்க இப்படித்தான். ஜெர்மனியின் தூரிங்கியாக் கல்லில் எஷர் நிறுவனத்தின் காகிதச் சீட்டு இருந்தால் ஒரு விலை, உரிந்துபோனால் வேறு விலை. கல் என்னவோ அதே கல்தான். கியோட்டோவின் நகயாமா முத்திரைக்கும் இதே மவுசு. அதனால் முத்திரையையே போலியாக அடித்துவிடுகிறார்கள்.

பிறந்த இடத்தைக் கேட்டு மதிப்புப் போடும் பழக்கம் நமக்குப் புதிதா? கல்லுக்காவது பிறப்பிடம் ஓரளவு சொல்லும். கார்னெட் அந்த மண்ணில்தான் விளைந்தது. அதையும் நனைத்து, தேய்த்து, கூர் பார்த்துத்தான் நம்புகிறார்கள் தொழில் தெரிந்தவர்கள். மனிதருக்குப் பிறப்பிடம் அந்த அளவுகூடச் சொல்வதில்லை. ஆனால் மனிதரைத்தான் ஒரு சோதனையும் இல்லாமல், தெருப்பெயர் கேட்டதுமே தள்ளிவைக்கிறார்கள்.

நனைத்துப் பார்க்க விடாதவரிடம் கல் வாங்காதீர்கள், தோழர்களே. முத்திரையை மட்டும் காட்டி உயர்வு பேசுகிறவர் யாராக இருந்தாலும், வேலையைக் காட்டு என்று கேளுங்கள்.