பெயிண்ட் அடிக்கும் முன்... (கனடாவின் பழைய சைக்கிள்கள்)

கனடாவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால், காரேஜின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வரும். டயர் வெடித்து, செயின் இறுகி, சீட் கிழிந்து... கழுத்தில் மட்டும் ஒரு சின்ன உலோகத் தகடு. துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 'சி.சி.எம்.' என்று மூன்று எழுத்துகள் இருக்கும்.

அதன் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வீட்டில் ஒரு ஆர்வக்கோளாறு உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாவுமாகக் கிளம்பிவிடுவார். இரண்டு நாளில் சைக்கிள் பளபளவென்று புதுசாகிவிடும். ஆனால் அது எந்த வருடத்து சைக்கிள், எந்த ஊரில் விற்றது என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் தூளாகக் குப்பைக்குப் போயிருக்கும்!

சி.சி.எம். என்றால் 'கனடா சைக்கிள் அண்ட் மோட்டார் கம்பெனி'. 1890-களில் உலகத்தையே ஆட்டி வைத்த சைக்கிள் மோகம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் இறங்க ஆரம்பித்தது. 1899-இல் அமெரிக்காவின் சைக்கிள் முதலாளிகள் பலர் சேர்ந்து 'அமெரிக்கன் பைசைக்கிள் கம்பெனி' என்ற பெரிய கூட்டை உண்டாக்கினார்கள். கனடாவின் முக்கியத் தயாரிப்பாளர்களும் அதே ஆண்டில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். வணிகவியல் புத்தகத்தில் 'இணைப்பு என்றால் என்ன?' என்று இரண்டு மார்க் கேள்வியாக வருவது அங்கே நிஜமாகவே நடந்தது.

அப்படிச் சேர்ந்தவர்களில் பிராண்ட்ஃபோர்டு நகரின் கூல்ட் நிறுவனம் 'ரெட் பேர்ட்' என்ற சைக்கிளையும், லோஸியர் நிறுவனம் 'கிளீவ்லாண்ட்' என்ற சைக்கிளையும் செய்துகொண்டிருந்தன. இன்னொன்று விவசாயக் கருவிகள் செய்த மாஸி-ஹாரிஸ். (ஆமாம், டிராக்டர் மாஸியேதான்! இந்த மாஸி-ஹாரிஸ் 1953-இல் பெர்குசனோடு சேர்ந்து, 1958-இல் 'மாஸி பெர்குசன்' என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் டிராக்டருக்கும் டொராண்டோவின் பழைய சைக்கிளுக்கும் பெயர் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.)

இங்கேதான் முதல் குழப்பம். கம்பெனிகள் ஒன்றான பிறகும் பழைய பெயர்களை விட்டுவிடவில்லை. கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் கிளீவ்லாண்ட், மாஸி, பெர்ஃபெக்ட், ரெட் பேர்ட் என்று வெவ்வேறு தகடுகள். ஆக, கழுத்துத் தகட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. தகட்டைக் கழற்றி இன்னொரு பிரேமில் மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை.

வேறு எங்கே பார்ப்பது?

ஒன்று, செயின் வீல். பல சி.சி.எம். மாடல்களில் பல்சக்கரத்தின் நடுப்பகுதியையே அந்த மூன்று ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். தகடு தொலைந்திருந்தாலும் இது காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு, பிரேம் நம்பர். சீட் கம்பி இறங்கும் இடத்துக்கு அருகிலோ, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியிலோ தட்டிப் பதித்த எண் இருக்கும். சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்ட எண்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆண்டு ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். நம்பர் மேல் நாலு கோட்டிங் பெயிண்ட் ஏறினால் அதைப் படிக்கவே முடியாது.

மூன்று, பின் சக்கரத்தின் ஹப். மூன்று கியர் உள்ள சைக்கிள் என்றால் அனேகமாக இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பாக இருக்கும். தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் அதன் மேலேயே பதிப்பது அவர்கள் வழக்கம். 62, 5 என்று இருந்தால் 1962 மே மாதம். ஆனால் சக்கரத்தைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம். எனவே இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, லைசென்ஸ் தகடு. டொராண்டோவில் 1935 முதல் 1957 வரை சைக்கிளுக்கு லைசென்ஸ் கட்டாயம். அந்தச் சின்னத் தகடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வருடத்தில் அந்தச் சைக்கிள் ரோட்டில் ஓடியது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். பிரேமில் விற்ற கடையின் ஸ்டிக்கர் இருந்தால் ஊரும் தெரிந்துவிடும். உப்புத்தாள் முதலில் தின்பது இந்த ஸ்டிக்கரைத்தான்.

அடுத்தது டயர். இந்தியாவில் பெரிய சைக்கிளுக்குப் போடும் டயர் 28 × 1½. பழைய கனடா சைக்கிளிலும் அதே 28 × 1½ என்றே எழுதியிருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல! இந்திய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். கனடாவில் அதே எழுத்துக்கு 622 மில்லிமீட்டர். நல்ல வேளையாக 622 என்பது இன்று உலகமெங்கும் கிடைக்கிற 700சி டயரின் அளவு. எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்தால் காசு போச்சு, அளந்து வாங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்தது.

இனி பழுது பார்ப்பது. முதல் வேலை போட்டோ. எல்லாப் பக்கமும், எல்லா எழுத்தும். அப்புறம் பெயிண்ட் மேல் லேசான சோப்புத் தண்ணீர், அதையும் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான். குரோம் மேல் படிந்த துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பாதி போய்விடும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் அறைந்தால் பின் வளையும், உள்ளே இருக்கும் பால்ஸ் ஓடும் கப்பும் அடி வாங்கும். எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விட்டு, கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். பால்ஸை எடுக்கும்போதே எண்ணி வைத்துக்கொண்டு, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது வைத்தால் சைக்கிள் மறுபடி ஓடும். சைக்கிள் கடைக்காரர் பாஷையில் சொன்னால் ஒரு முழு ஓவராயில், அவ்வளவுதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அதைச் சுரண்டாமல் இருப்பது உடம்புக்கும் நல்லது.

பணக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ரேஸ் ஓட்டத்துக்கென்று செய்த 'ஃபிளையர்' போன்ற அபூர்வ மாடல்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காரேஜில் கிடைக்கிற சாதாரண சைக்கிளுக்குப் புதுக் குரோமும் புதுப் பெயிண்டும் போட்டால், போட்ட காசு திரும்பாது. சேகரிப்பாளர் தேடுவது அசல் பெயிண்டை. கீறல் இருந்தாலும் பரவாயில்லை என்பார்கள்.

பிரேமே அரித்துப்போய் ஒரு எழுத்துகூட மிஞ்சாத சைக்கிளும் உண்டு. அதற்குப் பெயிண்ட் அடிப்பதுதான் சரி. அப்போதும் நம்பரை மட்டும் மூடாமல் விட்டால் போதும்.

ஏன் இவ்வளவு அக்கறை? டொராண்டோவின் வெஸ்டன் பகுதியில் பல ஆண்டுகள் சைக்கிள் செய்த அந்தக் கம்பெனி 1983-இல் திவாலானது. பெயர் மட்டும் திவாலாகவில்லை. ஹாக்கி சாமான்கள் ஒருவர் கைக்கும், சைக்கிள் பெயர் க்யூபெக்கின் ப்ரோசைக்கிள் நிறுவனத்துக்கும் போனது. அதன் பிறகு வந்த புதுச் சைக்கிள்களிலும் அதே மூன்று எழுத்துகள்தான். பெயரை விலைக்கு வாங்கலாம், சட்டப்படி சொத்து. ஆனால் வெஸ்டன் தொழிலாளி கையால் தட்டிய நம்பரும், அன்று ஒட்டிய ஸ்டிக்கரும் பழைய பிரேம்களில் மட்டும்தான் இருக்கின்றன. அவையும் காரேஜ் காரேஜாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

எனவே கனடாவில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால், உப்புத்தாளைத் தேடாதீர்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நம்பர் அங்கேயே இருக்கலாம்!