வேலிக்கு அந்தப் பக்கத்துச் சேவல்

கடையத்துக்கு மேற்கே, மலையை ஒட்டி எங்கள் ஊர். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். புறவாசலில் நின்றால் பொத்தை தெரியும், பொத்தைக்குப் பின்னால் காடு. இரண்டுக்கும் நடுவில் உடைமுள் வேலியும் உண்ணிச்செடிப் புதர்களும். அந்த வேலியை நாங்கள்தான் மதித்தோம். எங்கள் கோழிகளும் மதிக்கவில்லை, காடும் மதிக்கவில்லை.

கோழிகள் ஆச்சியின் பொறுப்பு. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டுக் கம்பும் குருணையும் இறைப்பாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவற்றைக் காதால் மட்டுமே மேய்ப்பாள். அடுப்படியில் உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, புறவாசலுக்கு வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும். சேவல் தொண்டையை இறுக்கி மெல்லிய குரலை ஒரே இழுப்பாக இழுத்தால் எதிரி மேலே. "ஏட்டி, மேல பாரு, வல்லூறு!" என்பாள். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் போயிருக்கும். பெட்டைகள் முருங்கை நிழலில் அசையாமல் பதுங்கியிருக்கும். அதே சேவல் கழுத்தை நீட்டி விட்டுவிட்டு உரக்கக் கத்தினால் எதிரி தரையில். கீரி, உடும்பு, சாரை, இவற்றில் ஒன்று. பின்னாளில் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது இதையே பாடமாக வைத்திருந்தார்கள். பறந்து வரும் பகைக்குக் கோழி எழுப்பும் குரல், அது எங்கிருந்து வருகிறது என்று பருந்து எளிதில் கண்டுபிடிக்க முடியாதபடி மெலிந்திருக்கும். தரைப் பகைக்கு எழுப்பும் குரலோ, உன்னைப் பார்த்துவிட்டோம் என்று அந்த விலங்கிடமே சொல்லிவிடும். வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு உளுந்து மணம் வந்தது.

பருந்துக்கு எதிராக எங்களுக்கு ஒரு கூட்டாளி இருந்தது, கரிச்சான். முருங்கைக்குப் பக்கத்து வேம்பில் அது கூடு கட்டும் மாதங்களில் காக்கை, பருந்து எதுவும் அந்தப் பக்கம் நிம்மதியாகப் பறக்க முடியாது. அவ்வளவு சின்னப் பறவை, பருந்தின் முதுகுக்கு மேலேயே ஏறிக் கொத்தும். அது தன் குஞ்சுக்காகப் போட்ட சண்டைதான். ஆனால் அதன் கீழே எங்கள் குஞ்சுகளும் பிழைத்தன. அந்த வேம்பின் கிளையை வெட்ட ஆச்சி யாரையும் விட்டதில்லை.

இரவுதான் பயம். வெருகும் மரநாயும் வரும். ஒரு பஞ்சாரத்தின் மேல் எத்தனை அம்மிக்குழவி ஏற்றினாலும், அடியில் மண்ணைப் பறித்துவிடும். அந்தி சாயத் தொடங்கியதும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் குரலில் வரும் அவசரத்தை நான் வேறு எந்தக் குரலிலும் கேட்டதில்லை. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் இதைத்தான் பார்த்திருக்கிறார்: மாலையில் வேலியோரம் வெருகுகள் வர, பதறிக் குஞ்சுகளை அழைக்கும் வீட்டுக்கோழி. இரண்டாயிரம் ஆண்டு வாக்கில் பழையதென்று சொல்லப்படும் அந்தப் புறவாசலும் எங்கள் புறவாசலும் எனக்கு ஒன்றுதான்.

இத்தனைக்கும் மிருகங்களைவிட அதிகக் கோழிகளைக் கொண்டுபோனது கோடையில் வரும் வெள்ளைக்கழிச்சல். அதைப் பற்றி எழுத மனமில்லை.

ஐப்பசியில் முதல் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒரே பந்தியில். பொத்தையிலிருந்து மயில்கள் இறங்கிவரும், மைனாவும் கரிச்சானும் வரும், கோழிகள் றெக்கையை விரித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடும். ஒரு பெண்மயிலின் காலடியிலேயே எங்கள் குஞ்சு ஒன்று ஈசல் பொறுக்கிக்கொண்டிருந்தது. மயில் குனிந்து பார்த்தது, நகர்ந்து நின்றுகொண்டது. பந்தியின் ஓரத்தில், உண்ணிப்புதரை விட்டு முழுதாக வெளியே வராமல், காட்டுக்கோழிகளும் நின்றன.

காட்டுச்சேவலை நான் நன்றாகப் பார்த்தது ஒரு மாசிக் காலையில். சாம்பல் உடம்பு. கழுத்து இறகுகளின் நுனியில் மெழுகை உருக்கிச் சொட்டுவிட்டதுபோலப் பொன் புள்ளிகள். அந்த இறகுகளுக்காகவே இந்தப் பறவைகளை வேட்டையாடி, தூண்டிலில் கட்டும் பொய் ஈ செய்வதற்காக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்று பிறகு படித்தேன். அன்றைய காலை நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. அது வேலிக்கு அந்தப் பக்கம் றெக்கையைத் தட்டிக் கூவும். எங்கள் சேவல் கடைசி எழுத்தை நீட்டி முழக்கும். அதுவோ நாலைந்து வெட்டாகக் கத்திவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடும். எங்கள் சேவலுக்கு அது பொறுக்காது. துவைகல்லில் ஏறி வெயில் உச்சிக்கு வரும்வரை பதில் சொல்லும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் ஒரு சிறகைத் தாழ்த்தி, தரையில் இல்லாத தீனியைக் கொத்திக்கொண்டே பக்கவாட்டில் நடக்கும். வேலியைத் தாண்டி இரண்டும் பொருதி நான் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் செவலைப் பெட்டை காணாமல் போனது. வெருகு தின்றுவிட்டது என்று ஆச்சி கணக்கை முடித்துவிட்டாள். மற்ற பெட்டைகளுக்கு எத்தனை ஏற்பாடு! கூடையில் மணல் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை வைத்து, இடிக்கு ஈடாக இரும்புத்துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் செருகிய பிறகுதான் அடைக்கே உட்கார வைப்பாள். செவலை இது எதுவும் இல்லாமல், ஒருநாள் உண்ணிப்புதருக்குள்ளிருந்து குஞ்சுகளோடு நடந்து வந்தது. இருபத்தொரு நாள் களவில் அடைகாத்திருக்கிறது. கீரிக்கும் பாம்புக்கும் நடுவே, தனியாக. ஆச்சி அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள். எலும்புதான் இருந்தது. அன்றைக்கு எங்களுக்கு முன்பாக அதற்குச் சோறு.

குஞ்சுகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி வளர்ந்தது. கையிலிருந்து தீனி எடுக்காது. சேவலாகித் தேறியதும் பஞ்சாரத்துக்கு வராமல் புளியமரத்தில் ஏறி அடைந்தது. கூவினால் பாதியில் முறியும்.

"காட்டுக்கோழி வீட்டுக்கோழியோட சேராது, அத்தை" என்றார் மாமா.

"சேராமலா கூவல் முறியுது?" என்றாள் ஆச்சி.

தெருவே இரண்டாகப் பிரிந்து பேசியது. அப்படிக் கலப்பது அபூர்வம். ஆனால் நடக்கவே நடக்காதது அல்ல. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி; அது எங்கள் மலையில் கிடையாது. 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வோ, கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. மற்றக் கோழிகளின் தோலில் தீனியின் மஞ்சள் நிறமி சிதைந்துவிடும். இந்த மரபணு வடிவம் இருந்தால் சிதையாமல் தங்கிவிடும். உலகத்தில் எங்கேயோ பண்ணையில் நிற்கும் மஞ்சள் கால் கோழிக்குள்ளும், தென்னாட்டுக் காட்டு ஓரத்தில் எப்போதோ நடந்த அப்படியொரு சந்திப்பின் மிச்சம் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் ஒரு வாரம் தணியவில்லை.

எங்கள் புளியமரத்துச் சேவலின் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வரும் கோழி வியாபாரிக்குச் சந்தேகமே இல்லை.

"ஆச்சி, மரத்துல அடையுதே, அத மட்டும் குடுங்க. மத்ததுக்கு ரெண்டு பங்கு வெல தாரேன்."

"துட்டு வேண்டாம்யா. நீ ஏறிப் புடி. புடிச்சா உனக்குத்தான்."

அவர் அண்ணாந்து பார்த்தார். சேவல் இன்னும் ஒரு கிளை மேலே போனது. அவர் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "முட்டையாவது இருக்கா ஆச்சி?" என்றார்.