அசிபியின் குருதி

மருத்துவ வரலாறு கண்டுபிடித்தோரின் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிக்கும். நோயுற்றோரின் பெயரைப் பெரும்பாலும் மறந்துவிடும். இவ்வழக்கத்துக்கு விலக்காய் நின்றவர் அசிபி என்னும் ஆபிரிக்கர்.

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் மேற்கு ஆபிரிக்காவுக்கு மஞ்சட் காய்ச்சல் ஆய்வுக் குழுவொன்றை அனுப்பியது. லாகோசை அடுத்த யாபாவில் ஆய்வுகூடம் எழுந்தது. நுளம்பு பரப்பும் அந்நோயின் காரணி யாது என்பதே அவர்கள்முன் நின்ற வினா. யப்பானிற் பிறந்து நியூயோர்க்கிற் பணியாற்றிய ஹிடேயோ நொகுச்சி, சுருளுருவான பற்றீரியமே காரணி எனக் கூறியிருந்தார். அவர் புகழ் பெரிது. ஆதலின் அவர் கூற்றும் பெரிதென மதிக்கப்பட்டது.

1927 யூன் 30ஆம் நாள், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ற்றிலே, மெல்லிய காய்ச்சலுற்றிருந்த 28 வயதினரான அசிபியிடம் குருதி பெறப்பட்டது. அது ஆசியாவிலிருந்து கொணரப்பட்ட ரீசஸ் குரங்கொன்றின் உடலிற் செலுத்தப்பட்டது. ஆபிரிக்கக் குரங்குகள் இந்நோய்க்கு எளிதில் மடிவதில்லை. ஆசியக் குரங்கோ சில நாட்களில் மாண்டது. நோய்க்காரணி நுண்வடிகளையும் ஊடுருவியது. அது வைரசே என்பது தெளிவாயிற்று. நொகுச்சியின் கொள்கை தளர்ந்தது.

அசிபி பிழைத்தார். ஆய்வாளருட் சிலர் பிழைக்கவில்லை. அயர்லாந்தவரான அட்றியன் ஸ்ரோக்ஸ் அவ்வாண்டு செப்ரெம்பரில் அந்நோயாலேயே இறந்தார். தம் கூற்றை நேரிற் சோதிக்க ஆபிரிக்கா வந்த நொகுச்சி 1928 மே மாதம் அக்ராவில் மறைந்தார். சில நாட்களில் அங்கு பணியாற்றிய வில்லியம் யங்கும் அவர்வழிச் சென்றார்.

தென் ஆபிரிக்காவிற் பிறந்த மக்ஸ் தைலர், இவ்வைரசு சுண்டெலியையும் தாக்கும் எனக் கண்டார். ஒருவரது குருதிநீர் சுண்டெலியைக் காத்தால், அவர் முன்னரே அந்நோயுற்றவர் என்று கொள்ளலாம். இச்சோதனையால் நோய் உலவிய நிலங்களின் எல்லைகள் வரையப்பட்டன. அசிபியின் குருதியிற் பெற்ற வைரசைக் கோழிக்கரு இழையங்களில் வளர்த்து வலிகுன்றச் செய்து, 1937இல் 17டீ என்னும் தடுப்பு மருந்து ஆக்கப்பட்டது. தைலர் 1951இல் நோபல் பரிசு பெற்றார். அம்மருந்து கோடிக்கணக்கானோரைக் காத்துள்ளது. யப்பானிய மூளையழற்சிக்கான தடுப்பு மருந்தொன்றும் அதனையே அடித்தளமாகக் கொண்டது.

கூட்டாய்வின் பெருமையும் குறையும் ஒருங்கே புலனாவது இங்குதான். ஒரு தேசம் குருதியை ஈந்தது. பிற தேசங்கள் கருவியையும் கல்வியையும் ஈந்தன. பரிசும் பதவியும் ஒரு பக்கமே சென்றன. உயிரைப் பணயம் வைத்த ஆய்வாளரின் ஈகத்தை இவ்வுண்மை சிறுமைப்படுத்தாது. ஆயினும் அவ்வீகம் இவ்வுண்மையை மறைத்துவிடவும் கூடாது.

காலம் அந்நிலையை ஓரளவு திருத்தியுள்ளது. 1936இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு என்ரெபேயில் தொடங்கிய ஆய்வகம், 1947இல் சீக்கா வைரசைக் கண்டது. இன்று அது உகண்டா நாட்டின் சொந்த வைரசு ஆய்வு நிறுவனம். செனகலின் டக்காரிலுள்ள பஸ்ரர் நிறுவனம் மஞ்சட் காய்ச்சல் தடுப்பு மருந்தை ஆபிரிக்க மண்ணிலேயே ஆக்கிவந்துள்ளது. குருதி தந்த நிலத்திலேயே மருந்தும் விளையும்போதுதான் கூட்டு என்னும் சொல் தன் முழுப்பொருளை எய்துகின்றது.