நெய்வேலி தண்ணிக்கு ஒரு பரீட்சை!

நெய்வேலி போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? சென்னையிலிருந்து கும்பகோணம் பஸ்ஸைப் பிடிங்க. பண்ருட்டி பலாப்பழ வாசனையைத் தாண்டி, முந்திரித் தோப்புகளைத் தாண்டினா ஆர்ச் கேட். உள்ளே நுழைஞ்சா வேற உலகம்! அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் மரம், தோட்டம் வெச்ச குவார்ட்டர்ஸ். அட்ரஸ் கேட்டா முதல்ல 'வட்டம்' நம்பர்தான் சொல்வாங்க.

இந்த ஊர் கதையே தண்ணியிலதான் ஆரம்பிக்குது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல போர் போட்டப்போ, தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி, 1957-ல் சுரங்க வேலை, 1962-ல் கரன்ட்!

சுரங்கத்தைப் பார்த்தா மிரண்டுடுவீங்க. ராட்சச சக்கரம் மண்ணை வாரி வாரிக் கொட்டுது. ஆனா அசல் ஆச்சர்யம் நிலக்கரிக்கும் கீழே இருக்கு. அங்கே தண்ணி பயங்கர அழுத்தத்தோட அடைஞ்சு கிடக்கு. ராப்பகலா பம்ப் பண்ணி வெளியேத்தலைன்னா, சுரங்கத் தரையையே பிளந்துக்கிட்டு வந்துடும். அப்படி வர்ற தண்ணிதான் வாய்க்கால் வழியா வாலாஜா ஏரி, பெருமாள் ஏரின்னு போய் வயலுக்குப் பாயுது.

சரி, இந்தப் பக்கத்துத் தண்ணி நல்ல தண்ணியா? பார்த்தா பளிங்கு மாதிரிதான் இருக்கும். அதை நம்ப முடியாது. பதில் சொல்ல வேண்டியது லேப்!

லேப் ரிசல்ட் ஒரு நாட்டையே உலுக்கும்னு நாம பார்த்திருக்கோம். 2001-ல் டெல்லி 'அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம்' காசர்கோட்டுல சாம்பிள் எடுத்துச்சு. அங்கேயும் முந்திரித் தோப்புதான். தண்ணியிலயும் மனுஷங்க ரத்தத்துலயும் எண்டோசல்ஃபான் இருந்துச்சு. 2003-ல் அதே லேப் 12 பிராண்டு கூல்டிரிங்க்ஸைச் சோதிச்சது. எல்லாத்துலயும் பூச்சிமருந்து மிச்சம்! நாடாளுமன்றக் கூட்டுக்குழு போட்டாங்க. 'லேப் சொன்னது சரிதான்'னு 2004-ல் அந்தக் குழுவே சொல்லிடுச்சு.

நெய்வேலியில தேட வேண்டியது பூச்சிமருந்து மட்டுமில்ல, பாதரசமும்தான். நிலக்கரியில துளித்துளியா இருக்கிற பாதரசம், எரிக்கும்போது புகையிலயும் சாம்பல்லயும் வெளியே வரும். 2023-ல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டாங்க. வடக்குவெள்ளூர்ல எடுத்த ஒரு போர் தண்ணியில பாதரசம், அனுமதிச்ச அளவைப் போல 250 மடங்கு! பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கா எடுத்துச்சு. அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பண்ணின சோதனையிலயும், நீர்நிலைகள்ல வரம்பைத் தாண்டின பாதரசம் தெரிஞ்சது.

அனுமதிச்ச அளவுன்னா எவ்வளவு? லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க்குல மொத்தமே ஒரு மில்லிகிராம்தான் இருக்கலாம். பாட்டில் தண்ணியில ஒரு பூச்சிமருந்துக்கு இதுலயும் பத்துல ஒரு பங்கு. பத்தாயிரம் லிட்டர் தண்ணி லாரி முழுக்க ஒரே ஒரு மில்லிகிராம்!

இவ்வளவு நுணுக்கமான கணக்குங்கிறதால, சாம்பிள் எடுக்கறதே ஒரு கலை. பாதரசம் பாட்டில் சுவர்லயே ஒட்டிக்கும். அதனால சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, ஆசிட் சேர்த்து, எந்த இடம், எந்த நேரம்னு லேபிள் ஒட்டி, சீல் வெச்சு அனுப்பணும். இதுல எது தப்பினாலும் ரிசல்ட்டும் தப்பு. பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்க கேஸ் குரோமடோகிராஃப், பாதரசத்துக்கு வேற மெஷின். ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு தெரியாது.

அதனால ஆர்.ஓ. விக்கிறவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி, 'நம்பர் கம்மி சார், சூப்பர் தண்ணி'ன்னா மயங்கிடாதீங்க. அது கரைஞ்ச உப்பை மட்டும்தான் காட்டும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், பாதரசம் சாகாது. கெமிஸ்ட்ரி படிக்கிற பசங்களா? ஊர்த் தண்ணி ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்க. 'என்னென்ன தேடினீங்க? எங்கே எடுத்தீங்க? எந்த மாசம்?' இந்த மூணு கேள்வி போதும்.

ஆர்ச்சுக்கு உள்ளே இருக்கிறது அழகான ஊர்தான், சந்தேகமே இல்ல. ஆனா அந்தச் சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்தவங்க ஆர்ச்சுக்கு வெளியே இருக்காங்க. அவங்க குடிக்கிற தண்ணியோட மார்க்‌ஷீட், அவங்க பஞ்சாயத்து போர்டுல தமிழ்ல தொங்கணும். பரீட்சை எழுதினவங்களுக்கு ரிசல்ட் தெரிய வேணாமா?